மார்பகத்தை எடுத்தபின் இம்ப்ளான்ட் வைத்தால் இன்ஃபெக்‌ஷன் வருமா?

புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுக்கும்போதே அந்த இடத்தில் இம்ப்ளான்ட், அதாவது செயற்கை மார்பகம், வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்கிறார், சீழ் வைத்துவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. நான் டாக்டர் இல்லை, என் அக்காவுக்கு இந்த ஆபரேஷன் நடந்தபோது கூடவே இருந்தவள், அந்தச் சாக்கில் நிறையப் படித்தவள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் மார்பகச் சீரமைப்பு செய்துகொண்ட 2,300-க்கும் அதிகமான பெண்களை இரண்டு வருடம் கவனித்து, 2018-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அதில் 100-க்குக் கிட்டத்தட்ட 10 பேருக்குக் காயத்தில் தொற்று வந்திருக்கிறது. வராதவர்கள்தான் அதிகம், ஆனால் 'அதெல்லாம் ஒண்ணும் வராது' என்று தட்டிக்கழிக்கிற அளவு சின்ன விஷயமும் இல்லை.

என்னைக் கேட்டால், வந்தால் என்ன ஆகும் என்பதுதான் பெரிய கேள்வி. வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சொந்தச் சதையை எடுத்து வைத்தால் அதில் ரத்த ஓட்டம் இருக்கும், மருந்து போய்ச் சேரும், பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கிலேயே அடங்கிவிடும். (அதில் ஆபரேஷன் பெரிது, வயிற்றிலோ முதுகிலோ இன்னொரு காயமும் ஆற வேண்டும்.) இம்ப்ளான்ட்டும் சரி, அதற்கு முன்னால் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக விரிக்க வைக்கிற எக்ஸ்பாண்டரும் சரி, வெறும் சிலிக்கோன் பை. கிருமி அதன்மேல் ஒட்டிக்கொண்டு சுற்றிலும் ஒரு வழவழப்பான படலம் கட்டிவிட்டால் மருந்து கிட்டேயே நெருங்காது. பல நேரம் பையையே வெளியே எடுத்து, புண் ஆறி, மாதக்கணக்கில் காத்திருந்துதான் மறுபடி வைக்க முடியும். கீமோ பாக்கி இருந்தால் அதுவும் தள்ளிப்போகும், என் பயமெல்லாம் அதில்தான்.

சுகர், உடல் பருமன், புகைபிடிக்கும் பழக்கம், கரண்ட் (ரேடியேஷன்) வைத்த மார்பு, இவற்றில் ஏதாவது இருந்தால் ஆபத்து கூடும். அக்காவுக்கு சுகர் கட்டுக்குள் வரும்வரை சர்ஜன் தேதியே கொடுக்கவில்லை. கரண்ட் கட்டாயம் என்று முன்பே தெரிந்தால், சீரமைப்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாமா, சொந்தச் சதையே மேலா என்று பேசிப்பாருங்கள்.

வீட்டுக்கு வந்தபின், காயத்தில் ஊறும் நீரை வெளியே ஒரு பாட்டிலுக்குக் கொண்டுவரும் ட்ரெயின் குழாய்தான் பெரிய வேலை. அக்கா அந்தப் பாட்டிலை நைட்டியில் ஊக்கு குத்தித் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பாள். நான் சோப்புப் போட்டுக் கை கழுவி, அதைக் காலி செய்து, எத்தனை மில்லி என்று தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுவேன். ஆரம்பத்தில் ரத்தமாக வருவது வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வரும். ஒரு நாளில் 30 மில்லிக்குக் கீழே இறங்கி, அடுத்த நாளும் அப்படியே இருந்தால் குழாயை எடுப்பது பொதுவான வழக்கம். தெளிந்து வந்த நீர் திடீரென்று கலங்கினாலோ நாறினாலோ, தோல் சிவந்து பரவினாலோ, ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சுட்டாலோ, காய்ச்சல் அடித்தாலோ மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், ராத்திரியானாலும் போன் போடுங்கள். பெரியம்மா மஞ்சள் குழைத்துக்கொண்டு வருவார், அன்பாகத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், தையல் பிரித்தாயிற்று, தப்பித்தோம் என்று நினைக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் ஏமாறுவது. இம்ப்ளான்ட் தொற்று ஒரு மாதம் கழித்தும் வரும். தண்ணீரிலேயே இருக்கிற சிலவகை மைக்கோபாக்டீரியா வாரக்கணக்கில் கழித்துத் தலைகாட்டும், வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு மசியாது. மாத்திரை முடிந்தும் கசிவு நிற்கவில்லை என்றால், அந்தக் கிருமிக்கென்று தனியாகக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) அனுப்பினார்களா என்று கேளுங்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை காயத்தில் குழாய்த் தண்ணீர் பட வேண்டாம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்னொன்று: தொற்று வந்து இம்ப்ளான்ட்டை எடுக்க நேர்ந்தால் அந்தச் செலவு பேக்கேஜில் அடங்குமா, இன்சூரன்ஸ் கொடுக்குமா என்று பில்லிங் கவுன்டரில் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.