சின்னக் கல்லூரியின் பொதுக்கல்வி: கேள்வி பதில்

அமெரிக்காவின் சிறிய லிபரல் ஆர்ட்ஸ் (கலை, அறிவியல்) கல்லூரிகளில், மேஜர் (முதன்மைப் பாடம்) எதுவானாலும் எல்லா மாணவரும் முடித்தாக வேண்டிய பாடங்களைச் சுருக்கமாக ‘ஜென் எட்’ என்பார்கள். அதைத் திருத்தி எழுதும் குழுக்களில் இருந்திருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: அக்கா, எங்கள் கல்லூரியில் ஜென் எட் குழுவில் என்னைப் போட்டுவிட்டார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

‘நம் பட்டதாரி எப்படி இருக்க வேண்டும்’ என்ற விவாதத்தில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். ஒரு வருடம் அதிலேயே போய்விடும். முடிவில் யாரும் மறுக்க முடியாத நான்கு வாக்கியங்கள் மிஞ்சும். மாணவர் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் ரெஜிஸ்ட்ராரிடம் போய், போன வருடம் பட்டம் வாங்கியவர்களின் டிரான்ஸ்கிரிப்டுகளை (படித்த பாடங்களின் பட்டியலை) பெயர் நீக்கிக் கேளுங்கள். காகிதத்தில் இருக்கும் திட்டம் ஒன்று, பிள்ளைகள் உண்மையில் படித்தது இன்னொன்று. அறிவியல் தேவையை, அதாவது கட்டாய அறிவியல் பாடத்தை, பாதிப்பேர் ஒரே ஒரு சுலபமான பாடத்தில் தீர்த்திருப்பது அங்கேதான் தெரியும்.

அடுத்தது கணக்கு. ஆண்டுக்கு 480 பேர் சேர்கிறார்கள், முதலாண்டு செமினாரில் (சிறு கலந்துரையாடல் வகுப்பில்) வகுப்புக்கு 16 பேர் என்று வையுங்கள். 30 பிரிவுகள் வேண்டும். மொத்தம் 120 ஆசிரியர்கள் என்றால், ஒவ்வொரு வருடமும் நாலில் ஒருவர் தன் துறைப் பாடம் ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும். சபாட்டிக்கலில் (ஆய்வு விடுப்பில்) போகிறவர்களைக் கழித்தால் நெருக்கடி இன்னும் கூடும். பெரிய பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களை வைத்துச் சமாளிப்பார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. யார் வந்து நடத்துவார் என்று சொல்ல முடியாத எந்தத் தேவையையும் நான் ஆதரிப்பதில்லை.

கே: ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி மாதிரி கட்டாயங்களைத் தளர்த்தி எல்லாவற்றையும் திறந்துவிட்டால் என்ன? அல்லது செயின்ட் ஜான்ஸ் கல்லூரி மாதிரி எல்லோருக்கும் ஒரே நூல்கள்?

இரண்டும் அழகானவை. இரண்டையும் பாதியாக நகலெடுக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

ஆம்ஹெர்ஸ்டில் முதலாண்டு செமினார் ஒன்றுதான் எல்லோருக்கும் கட்டாயம். கிரினல் கல்லூரியும் அப்படித்தான்; முதலாண்டு டுட்டோரியல் (அதுவும் ஒரு சிறு வகுப்பு) தவிர பொதுக் கட்டாயம் இல்லை. அங்கே டுட்டோரியல் நடத்துபவரே அந்த மாணவருக்கு ஆலோசகர், மேஜர் முடிவாகும் வரை. கட்டாயத்தின் வேலையை அங்கே ஆலோசனை செய்கிறது. ஒரு ஆசிரியர் தலையில் 40 மாணவர்களைக் கட்டி, பருவத்துக்குப் பத்து நிமிடம் பேசும் கல்லூரி இதைச் செய்தால், பிள்ளைகள் மேஜரோடு நின்றுவிடுவார்கள்.

அனாபொலிஸ் செயின்ட் ஜான்ஸ் 1937-இல் மாறியது இன்னும் கடினமான வழிக்கு. அங்கே மேஜரே கிடையாது, துறைகளும் கிடையாது. ஆசிரியர்கள் ‘டியூட்டர்’கள், யூக்ளிடும் பிளேட்டோவும் எல்லோரும் நடத்த வேண்டும். உங்கள் வேதியியல் பேராசிரியர் கிரேக்கம் கற்பிக்கத் தயாரா என்று முதலில் கேளுங்கள்.

மற்றவர்களுக்குக் கிடைப்பது கலப்பு: ஒரு செமினார், ஓர் எழுத்துத் தேவை, மனிதவியல், சமூக அறிவியல், அறிவியல் என்ற மூன்று துறைப் பிரிவுகளில் சில பாடங்கள். சலிப்பான பதில்தான், ஆனால் நடக்கும்.

கே: கல்லூரிக்கு அங்கீகாரம் தரும் அக்ரெடிடேஷன்காரர்கள் ஜென் எட் எவ்வளவு கேட்கிறார்கள்?

அமைப்பைப் பொறுத்தது. தென் மாநிலங்களின் அமைப்பு இளங்கலைக்குக் குறைந்தது 30 செமஸ்டர் கிரெடிட் கேட்கிறது. நியூ இங்கிலாந்து அமைப்பு 40. பட்டத்துக்கு வழக்கமாக 120 என்பதால், கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு. ‘அவர்கள் விடமாட்டார்கள்’ என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் விதியை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

கே: நான் ஜெர்மன் துறை. அயல்மொழித் தேவையை நீக்கினால் எங்கள் துறையே போய்விடும். இது எனக்கு எதிரான சதி போலத் தெரிகிறது.

சதி இல்லை, ஆனால் உங்கள் பயம் நியாயமானது. இரண்டு பேர் இருக்கும் துறைக்கு அந்தத் தேவைதான் மாணவர் வரத்து. எல்லோரும் பாடத்திட்டத் தத்துவம் பேசுவது போலப் பேசுவார்கள். அடியில் ஓடுவது வகுப்பில் எத்தனை இருக்கை நிரம்பும் என்ற எண்ணிக்கை. நான் செய்யச் சொல்வது: திட்டம் வாக்கெடுப்புக்கு வரும் முன்பே, பாதிக்கப்படும் துறைகளுக்கு இத்தனை வருடம் பணியிடம் குறைக்க மாட்டோம் என்று டீனிடம் எழுத்தில் வாங்குங்கள். அதற்குப் பிறகுதான் மொழி கற்பதன் பயன் பற்றி நேர்மையாகப் பேச முடியும்.

கே: மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போகிறான். கவிதையும் மதமும் எதற்கு? நான் சென்னையில் பி.எஸ்ஸி. படித்தபோது இதெல்லாம் இல்லையே.

பகுதி 1-இல் தமிழும் பகுதி 2-இல் ஆங்கிலமும் படித்தீர்கள் அல்லவா சார்? அதுவும் பொதுக்கல்விதான். அங்கே தாள் முன்பே முடிவானது; இங்கே பையன் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பாடம் இரண்டு தேவைகளைத் தீர்க்குமா என்று கேட்கச் சொல்லுங்கள், பல இடங்களில் அனுமதி உண்டு. காலை எட்டு மணி வகுப்பில் இடம் இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் எடுக்க வேண்டாம்.

கே: கற்றல் மதிப்பீடு?

அமெரிக்கக் கல்லூரிகள் பல்கலைக்கழகங்கள் சங்கம் வெளியிட்ட ‘வேல்யூ’ ரூப்ரிக்குகள் (மாணவர் வேலையை மதிப்பிடும் அளவுகோல் அட்டவணைகள்) 16 இருக்கின்றன. இரண்டை எடுங்கள், எழுத்தும் விமர்சனச் சிந்தனையும். பதினாறையும் எடுத்த குழுக்கள் எக்செல் நிரப்புவதிலேயே ஓய்ந்துபோகும்.

கே: புதிய திட்டம் ஆசிரியர் வாக்கெடுப்பில் ஜெயித்தால் அடுத்த ஆகஸ்ட்டிலேயே தொடங்கலாமா?

வேண்டாம். பழைய கேட்டலாகில் (பாடவிதிப் புத்தகத்தில்) சேர்ந்தவர்கள் வழக்கமாகப் பழைய விதிப்படியே பட்டம் பெறுவார்கள். ஆக நான்கு வருடங்களுக்கு இரண்டு திட்டங்களும் ஒன்றாக ஓடும்; ஒரே பாடத்துக்கு இரண்டு குறியீடுகள் இருக்கும். கம்யூனிட்டி காலேஜிலிருந்து (இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து) மாறி வருபவர்கள் எந்தத் திட்டத்தில் சேர்வார்கள் என்பதையும் முன்பே எழுதிவையுங்கள். ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தின் மென்பொருளை மாற்றவே பல மாதங்கள் ஆகும். அவர்களை முதல் கூட்டத்திலிருந்தே குழுவில் உட்கார வையுங்கள்.