ஊர் மாறும் வீட்டுக்குக் கேள்வி-பதில்

பள்ளித் தேர்வு முடிந்து குடும்பங்கள் மூட்டை கட்டும் காலம் இது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ராணுவக் குவார்ட்டர்ஸ்களிலிருந்து வந்தவை. அதனால் இந்த முறை அவர்களுக்கே முழு இடமும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

ஊரில் செக்குக் கடையில் வாங்கிவந்த தேங்காய் எண்ணெய் டின்னோடு கல்லாக உறைந்துவிட்டது. மெழுகு கலந்திருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். கடைக்காரர் மேல் புகார் கொடுக்கலாமா? (பதான்கோட்)

வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும். பதான்கோட் குளிரில் உறையாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். வாய் அகன்ற டப்பாவுக்கு மாற்றி, கரண்டியால் எடுத்துக்கொள்ளுங்கள்.

செகந்திராபாத்திலிருந்து பட்டிண்டாவுக்கு பேக்கர்ஸ் மூலம் சாமான் அனுப்பினோம். வாடகை போக, இன்சூரன்ஸ் என்று 3 சதவீதம் தனியாக வாங்கினார்கள். வந்து இறங்கியபோது வாஷிங் மெஷின் நசுங்கிக் கிடந்தது, இரண்டு பெட்டிகளைக் காணோம். இப்போது, 'ஓனர்ஸ் ரிஸ்க் (சேதமானால் சாமான்காரர் பொறுப்பு), ரசீதின் பின்பக்கம் படியுங்கள், கேஸ் போட்டாலும் ஹைதராபாத்தில்தான்' என்கிறார்கள். ரசீது கணவர் பெயரில் இருக்கிறது, அவர் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத ஃபீல்டு பணியில் இருக்கிறார். நான் என்ன செய்ய முடியும் அக்கா? (பட்டிண்டா)

நிறையவே செய்ய முடியும் தங்கச்சி. அவர்கள் சொன்ன எதையும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

முதலில் அந்த 3 சதவீதம். இந்தத் தொழிலில் எனக்கு ஆறாத கோபம் இதன் மேல்தான். இன்சூரன்ஸ் என்றால் ஒரு காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும் பாலிசி. அதில் பாலிசி எண் இருக்கும், உங்கள் பெயர் இருக்கும், சாமானின் மதிப்பு இருக்கும். லாரி ஏறுவதற்கு முன்பே அது உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். பலர் செய்வது என்ன? சாமான் மதிப்பு எவ்வளவு என்று கேட்கிறார்கள், நாம் ஒரு தொகை சொல்கிறோம், அதில் 3 சதவீதத்தை பில்லில் ஒரு வரியாகப் போட்டு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். எந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அதிலிருந்து ஒரு ரூபாய் போவதில்லை. சாமான் உடைந்த பிறகுதான் நமக்கே அது தெரிகிறது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் மாறும் குடும்பம் இதை ஒவ்வொரு முறையும் கட்டிக்கொண்டே இருக்கிறது. எனவே பாலிசி நகலை எழுத்தில் கேளுங்கள். கொடுக்க முடியாவிட்டால், கொடுக்காத சேவைக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள். உங்கள் புகாரில் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.

அடுத்தது நோட்டீஸ். சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-ன்படி, சாமான் சேதமானாலோ தொலைந்தாலோ புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். போனில் சண்டை போட்டது கணக்கில் வராது. 'பார்க்கிறோம் மேடம், பார்க்கிறோம் மேடம்' என்று இவர்கள் இழுப்பது பெரும்பாலும் இந்தக் கெடுவைத் தாண்டவைக்கத்தான். இன்றைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, அத்தாட்சியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு, எங்கே வழக்கு போடுவது? நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நம்மைப் போன்றவர்களுக்குக் கொடுத்த பெரிய உதவி இதுதான். பழைய சட்டத்தில் கம்பெனி இருக்கும் ஊருக்கோ, பிரச்சினை நடந்த ஊருக்கோ ஓட வேண்டும். ஜோத்பூரில் இருந்துகொண்டு சென்னையில் வழக்கு நடத்த முடியாமல் விட்டுவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். இப்போது புகாரைப் பட்டிண்டா மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே தரலாம். 'ஹைதராபாத் எல்லைக்கு மட்டும் உட்பட்டது' என்று ரசீதில் அச்சடித்திருப்பது இந்த உரிமையைத் தடுக்காது. வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் வழக்குக் கட்டணமும் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். கெடு இரண்டு வருஷம். ரசீது கணவர் பெயரில் இருந்தாலும், அந்தச் சேவையின் பலனைப் பெறுபவர் என்ற முறையில் நீங்களே புகார்தாரராக இருக்கலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து பதிவு செய்யுங்கள். சில கம்பெனிகள் அதற்கே இறங்கிவந்துவிடும்.

இன்னும் மாறப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் வீட்டுக் கருப்பு ட்ரங்கில் வெள்ளை பெயின்டில் நம்பர், ரேங்க், பெயர் எழுதியிருப்போம். அதன் கீழேயே, 'மொத்தம் 31, இது 7' என்று எண்ணும் எழுதுங்கள். அட்டைப்பெட்டிக்கும் அப்படியே. எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டு, லாரிக்காரரின் கையெழுத்து வாங்குங்கள். இறக்கும்போது எண்ணிப் பார்த்து, உடைந்ததையும் குறைந்ததையும் அவர்களுடைய டெலிவரி ரசீதிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 'முதலில் கையெழுத்துப் போடுங்க, வண்டி கிளம்பணும்' என்பார்கள். வண்டி நிற்கட்டும்.

தேஜ்பூரில் பொன்னி கிடைக்காதென்று 25 கிலோ சிப்பமாக நான்கு வாங்கி வந்தோம். ஜூலை மாதம் எல்லாவற்றிலும் வண்டு. ஊர்க் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். பில் வாங்கவில்லை. (தேஜ்பூர்)

பில் இல்லை, வாங்கி மாசக்கணக்கு ஆகிறது, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். கடைக்காரரை நான் எதற்காகக் குற்றம் சொல்வது? மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு 100 கிலோ அரிசி எதற்கு? அதுவும் பிரம்மபுத்திரா கரையில், மழைக்காலத்துக்கு முன்னால்!

அரிசி வண்டு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. தாய் வண்டு அரிசி மணியைத் துளைத்து, உள்ளேயே முட்டையிட்டு மூடிவிடும். வாங்கும்போது சுத்தமாகத் தெரிந்த சிப்பத்தில் முட்டை இருந்திருக்கலாம். அசாமின் ஈரமும் சூடும் சேர்ந்ததும் பொரித்துவிடும். வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போடுவது வழக்கம்தான், போடுங்கள். ஆனால் மணிக்குள் இருப்பதை அவை கொல்லாது. இருக்கும் அரிசியைச் சலித்து, நிழல்காய்ச்சலாகப் பரப்பி எடுங்கள். உச்சி வெயிலில் போட்டால் மணி வெடித்து, சோறு குழையும். பிறகு இரண்டு, மூன்று கிலோவாகப் பிரித்து, ஃப்ரீசரில் நாலைந்து நாள் வைத்து எடுத்து, குளிர் முழுக்க விட்ட பிறகு காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடுங்கள். இனிமேல் ஒரு மாசத்துக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள். வடகிழக்கில் விளையும் புழுங்கலரிசியும் நல்ல அரிசிதான், வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்றை எல்லோரும் கவனியுங்கள். வடக்கே தானியத்துக்குள் போட ஒரு மாத்திரை தருவார்கள், சல்ஃபாஸ் என்பார்கள். அது அலுமினியம் பாஸ்பைடு. ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயு கிளம்பும். ஆள் தூங்கும் வீட்டில் அந்த மாத்திரை போட்ட மூட்டை இருந்து, குழந்தைகளோடு குடும்பமே இறந்த செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பக்கத்துக் கடையில் சும்மாவே கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அரிசி போனால் போகட்டும்.

புது ஊரில் கேஸ் ஏஜென்சி, தங்களிடம் அடுப்பு வாங்கினால்தான் கனெக்‌ஷன் என்கிறது. எங்களிடம் நல்ல அடுப்பு இருக்கிறது. (ஜான்சி)

வாங்கத் தேவையில்லை. அடுப்பை அவர்களிடம்தான் வாங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பழைய ஊரில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்தபோது டெபாசிட்டைத் திருப்பித் தந்து, டெர்மினேஷன் வவுச்சர் கொடுத்திருப்பார்கள். அதைக் காட்டி, இப்போதைய டெபாசிட்டைக் கட்டினால் கனெக்‌ஷன் தர வேண்டும். மறுத்தால் எழுதித் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் அங்கேயே பேச்சு மாறும். இல்லையென்றால் எண்ணெய் நிறுவனத்துக்கே புகார் அனுப்புங்கள். சிலிண்டர் வந்ததும் அதன் கழுத்துப் பட்டையில், அடுத்த பாதுகாப்புச் சோதனைக்கான கெடுவைக் காட்டும் எழுத்தைப் பாருங்கள். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி அடுத்த மூன்று மாதம், அப்படியே டி வரை. பக்கத்தில் இருப்பது வருஷம். அந்தக் கெடு தாண்டியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சிவிலியன் தோழி, கேன்டீன் கார்டைக் கொடுத்தால் மிக்ஸி வாங்கிக்கொள்கிறேன், பணம் தந்துவிடுகிறேன் என்கிறாள். கொடுக்கலாமா?

கூடாது. அந்தக் கார்டு ராணுவக் குடும்பங்களுக்கு மட்டும் உரியது. உங்கள் கணவரின் சர்வீஸை ஒரு மிக்ஸிக்காகப் பணயம் வைக்காதீர்கள்.

வெலிங்டன் வந்திருக்கிறோம். ஆர்.ஓ. வாட்டர் ஃபில்டர், மூன்று வருஷ பராமரிப்பு ஒப்பந்தத்தோடு சேர்த்து வாங்கினால் தள்ளுபடியாம். வாங்கலாமா? (நீலகிரி)

முதலில் தண்ணீரின் டி.டி.எஸ். அளவை, அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைப் பாருங்கள். விற்பவர் கொண்டுவரும் கருவியை நம்ப வேண்டாம், சில நூறு ரூபாய்க்கு நீங்களே ஒன்று வாங்கிவிடலாம். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. மலைத் தண்ணீர் பெரும்பாலும் அதைவிட வெகு குறைவாகவே இருக்கும். அங்கே ஆர்.ஓ. போடுவது நல்ல தண்ணீரில் பாதியைச் சாக்கடையில் விடுவதுதான். கிருமிக்காக என்றால் யு.வி. (புற ஊதாக் கதிர்) ஃபில்டர் போதும், காய்ச்சிக் குடித்தாலும் போதும்.

முன்கூட்டியே பணம் கட்டும் பராமரிப்பு ஒப்பந்தம் நமக்கு ஆகாது. ராஜஸ்தானில் இருந்தபோது நான் மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டி ஒரு ஃபில்டர் வாங்கினேன். உப்புத் தண்ணீர், அங்கே அது தேவையும்கூட. எட்டே மாதத்தில் மாற்றல் வந்தது. போன இடத்தில் அந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டரே இல்லை. மீதிப் பணத்தைக் கேட்டால், 'ஒப்பந்தத்தில் திருப்பித் தர வழியில்லை' என்றார்கள். அன்றிலிருந்து எதை வாங்கினாலும் நான் கேட்பது, நாளைக்கு லக்னோவிலோ ஜோர்ஹாட்டிலோ இதைப் பழுது பார்க்க ஆள் உண்டா என்பதுதான். மிக்ஸி, கிரைண்டருக்கும் இதைக் கேளுங்கள். தெற்கே பேர்பெற்ற சில கிரைண்டர்களுக்கு விந்தியத்துக்கு வடக்கே ஒரு கல் கூடக் கிடைக்காது.

லேயில் இருக்கிறோம். புதுக் குக்கரில் துவரம்பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. குக்கர் பழுதா, பருப்பு பழசா?

இரண்டும் இல்லாமலிருக்கலாம். லே 3,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கருக்குள்ளும் சூடு சமவெளியில் ஏறுமளவுக்கு ஏறாது. பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் வையுங்கள். பாசிப்பருப்பும் மசூரும் சீக்கிரம் வேகும். அப்படியும் வேகாவிட்டால் பருப்பை மாற்றிப் பாருங்கள்.

மாற்றலாகிப் போகும் ஜவான் என்று சொல்லி, இணையத்தில் ஒருவர் ஃபிரிட்ஜை 7,000 ரூபாய்க்கு விற்பதாகப் போட்டிருந்தார். யூனிஃபார்ம் போட்டோ, ஐ.டி. கார்டு எல்லாம் அனுப்பினார். 'நீங்களும் ஃபௌஜி (ராணுவ) குடும்பம்தானே' என்றார். கேட் பாஸுக்கு என்றும், டெபாசிட் திரும்ப வரும் என்றும் சொல்லி, க்யூ.ஆர். கோடு அனுப்பி மூன்று தடவையாக 23,500 ரூபாய் எடுத்துவிட்டார். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. (அம்பாலா)

இன்றைக்கே சொல்லிவிடுங்கள். உங்கள் மேல் தப்பில்லை. நாம் எந்த வார்த்தைக்கு இளகுவோம் என்று தெரிந்துகொண்டு, அந்த வார்த்தையைச் சொல்லித்தான் இவர்கள் வருகிறார்கள். ஒரு ஜவானின் கார்டைத் திருடி, இன்னொரு ஜவானின் வீட்டையே ஏமாற்றுகிறார்கள். இதைவிடக் கீழான களவு எனக்குத் தெரியவில்லை.

இதைப் படித்ததும் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் போன கணக்கை முடக்கப் பார்ப்பார்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நாள் கடந்திருந்தாலும் சைபர் குற்றங்களுக்கான தேசிய இணையதளத்தில் புகார் பதிந்து எண் வாங்குங்கள், வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. யூனிட்டிலும் தெரிவியுங்கள், அந்த ஐ.டி. கார்டின் உண்மையான சொந்தக்காரரும் எச்சரிக்கையாகிக்கொள்வார்.

மற்றவர்களுக்கு: க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் நம் பணம் போகும், ஒருபோதும் வராது. உண்மையான ஜவான் வீட்டு ஃபிரிட்ஜை நேரில் போய், ஓடவிட்டுப் பார்த்து, அங்கேயே பணம் கொடுத்து எடுத்து வரலாம். ஏற்றும்போது நிமிர்த்தி வையுங்கள். வீட்டில் இறக்கிச் சில மணி நேரம் விட்டுப் பிறகு சுவிட்ச் போடுங்கள்.

வாரன்டி கேட்டுப் போனால், பில் வெறும் வெள்ளைத் தாளாக இருக்கிறது. எழுத்தே இல்லை. (போபால்)

சூட்டில் அச்சாகும் பில் அப்படித்தான் மங்கும், ட்ரங்குக்குள் இன்னும் சீக்கிரம். வாங்கிய கடையில் உங்கள் போன் நம்பரைச் சொல்லி நகல் கேளுங்கள். சாமானின் பின்பக்க சீரியல் நம்பரை வைத்துக் கம்பெனியிலும் கேளுங்கள், சிலர் தயாரித்த தேதியிலிருந்து கணக்கிட்டு வாரன்டி தருவார்கள். அடுத்த பில்லை கடை வாசலிலேயே போட்டோ எடுத்து, கணவரின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.