அம்பு பட்ட மான் எங்கே போச்சு? – கேள்வி பதில்

அமெரிக்காவின் மிச்சிகனில் வில் வேட்டை அக்டோபர் 1 இல் தொடங்கி நவம்பர் 14 வரை நடக்கும். அப்புறம் துப்பாக்கிக்காரர்களுக்கு வழிவிட்டு, டிசம்பர் 1 முதல் ஜனவரி 1 வரை மறுபடியும் உண்டு. நம் ஆட்களில் முதல் தடவையாகப் பரண் ஏறுகிறவர்கள் இப்போது அதிகம். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயம்தான்: அம்பு பட்டது, மானைக் காணோம். கீழே உள்ள பதில்கள் வெண்வால் மானுக்கு மட்டும்.

கேள்வி (லான்சிங்): அண்ணா, அம்பு பட்ட சத்தம் தெளிவாகக் கேட்டது, மான் பாய்ந்து ஓடிவிட்டது. எவ்வளவு நேரம் கழித்துப் பரணை விட்டு இறங்கலாம்?

பதில்: நல்ல இடத்தில்தான் பட்டது என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தாலும் அரை மணி நேரம் அப்படியே உட்காருங்கள். அம்பு பட்ட மான் ரத்தம் போய்த்தான் விழும். 68 கிலோ மானின் உடம்பில் நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ரத்தம் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்காவது வெளியேற வேண்டும். அம்பு இரண்டு நுரையீரலையும் துளைத்திருந்தால் சில விநாடிகளில் கதை முடிந்துவிடும், மான் பெரும்பாலும் 100 கஜத்துக்குள் கிடக்கும். காத்திருந்ததில் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. வேறு எங்காவது பட்டிருந்தால் அது பக்கத்துப் புதரில் படுத்துக்கொண்டு வந்த வழியையே பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் இறங்கும் சத்தம் கேட்டு எழுந்தால் அதன் பிறகு எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த அரை மணியில் சும்மா இருக்க வேண்டாம். மான் நின்ற இடம், கடைசியாகக் கண்ணில் பட்ட இடம், கடைசியாகச் சத்தம் கேட்ட திசை, மூன்றையும் ஏதாவது ஒரு மரத்தோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பரணிலிருந்தே போனில் படம் எடுங்கள். கீழே இறங்கியதும் காடே வேறு மாதிரி தெரியும். ஓடிய விதத்தையும் நினைவில் வையுங்கள். பின்னங்கால்களை உதைத்துக்கொண்டு உடம்பைத் தாழ்த்தி வெறித்தனமாக ஓடினால் பெரும்பாலும் நெஞ்சில் பட்டிருக்கும். முதுகைக் கூனிக்கொண்டு, கொஞ்ச தூரம் ஓடி நின்று, பிறகு மெல்ல நடந்து போனால் வயிறு.

கேள்வி (ட்ராய்): அம்பு கிடைத்தது. முழுக்க ரத்தம், ஆனால் கருஞ்சிவப்பு. சந்தோஷப்படலாமா?

பதில்: பாதி சந்தோஷம். கருஞ்சிவப்பு, நுரை இல்லை என்றால் அது ஈரல். ஈரலில் பட்ட மான் பிழைக்காது. ஆனால் உடனே சாகாது. குறைந்தது நாலு மணி நேரம் விடுங்கள். குளிர்ந்த நாளாக இருந்தால் ஆறு மணி நேரம்கூட விடலாம்.

அம்பை எடுத்ததும் எல்லோரும் ரத்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். நிறத்தைப் பாருங்கள், தொட்டுப் பாருங்கள், மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்தும் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். இளஞ்சிவப்பாக, சின்னச் சின்னக் குமிழிகளோடு இருந்தால் நுரையீரல். பச்சையோ பழுப்போ கலந்த கோழை, புளித்த சாண வாடை வந்தால் இரைப்பை அல்லது குடல். பிசுபிசுவென்று கொழுப்பு மட்டும் ஒட்டியிருந்தால் முதுகின் மேல்பக்கமோ நெஞ்சின் அடிப்பக்கமோ உரசிக்கொண்டு போயிருக்கிறது. பளிச்சென்ற சிவப்பு, முதலில் நிறையக் கொட்டி அப்புறம் சொட்டுச் சொட்டாகக் குறைந்தால் தசையில் பட்டதாக இருக்கும். அந்த மான் பல சமயம் பிழைத்துக்கொள்ளும். மான் நின்ற இடத்தில் முடியும் விழுந்திருக்கும். வெள்ளை முடி என்றால் வயிற்றின் கீழ்ப்பகுதி என்று சந்தேகப்படுங்கள்.

இரண்டு அடையாளம் சேர்ந்து வந்தால், அதாவது கருஞ்சிவப்பும் வாடையும் இருந்தால், எது மோசமோ அதை நம்பி அதற்கேற்றபடி காத்திருங்கள். நமக்குப் பிடித்த அடையாளத்தை நம்பத்தான் மனம் போகும். தொலைந்துபோகும் மான்களில் நிறைய அங்கேதான் தொலைகின்றன.

கேள்வி (நோவை): சாயங்காலம் எய்தேன். அம்பில் பச்சைக் கறை. இரவு பத்து மணிக்கு மழை என்கிறார்கள். கூட வந்தவர்கள் எல்லோரும் "மழைக்கு முன்னால் தேடு" என்று அவசரப்படுத்துகிறார்கள். என்ன செய்ய?

பதில்: கூட வந்தவர்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள்.

வயிற்றில் பட்ட மானுக்கு ரத்தத் தடம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. குடலும் கொழுப்பும் துளையை உள்ளிருந்தே அடைத்துவிடும். இல்லாத தடத்தை மழை எப்படி அழிக்கும்? அந்த மான் சாதாரணமாக 200, 300 கஜத்துக்குள் முதலில் கிடைக்கும் அடர்ந்த புதரில் படுத்துவிடும். தொந்தரவு செய்யாவிட்டால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் அந்தப் படுக்கையிலோ அடுத்த படுக்கையிலோ இறந்து கிடக்கும். இரவில் டார்ச் அடித்துக்கொண்டு போய் எழுப்பினால் ஒரு சொட்டு ரத்தம்கூடச் சிந்தாமல் அரை மைல் போய்விடும். அப்புறம் தேட உங்களிடம் ஒன்றுமே இருக்காது.

விடியும்வரை விட்டால் கொயோட்டிகள் (குட்டி ஓநாய் மாதிரி விலங்கு) தின்றுவிடலாம், அக்டோபரில் இரவு சூடாக இருந்தால் இறைச்சி கெடலாம். 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனாலே எனக்குக் கவலைதான். இருந்தாலும் இறைச்சி போகுமே என்று பயந்து மானையே தொலைப்பதை விட, காலையில் மானைக் கண்டுபிடித்து இறைச்சி தேறுமா என்று பார்ப்பது மேல்.

நுரையீரல் அடி என்று அம்பே சொல்கிறது, மழையும் வருகிறது என்றால் அது வேறு கணக்கு. அரை மணி முடிந்ததும் போய் எடுங்கள்.

கேள்வி (கலமசூ): முதுகெலும்புக்குக் கீழே, நுரையீரலுக்கு மேலே ஒரு காலி இடம் இருக்கிறது, அதில் அம்பு புகுந்தால் மானுக்கு ஒன்றும் ஆகாது என்கிறார்களே?

பதில்: அப்படி ஒரு இடம் கிடையாது. மூச்சு இழுக்கும் மானின் நுரையீரல் முதுகெலும்பின் அடிவரை நிரம்பி நிற்கும். குழப்பம் வருவதற்குக் காரணம் முதுகெலும்பே. தோளுக்கு அருகில் அது நாம் நினைப்பதை விடக் கீழே இறங்கி ஓடுகிறது. அதற்கு மேலே இருப்பது முள்ளெலும்பும் முதுகுக் கறியும். "காலி இடத்தில்" பட்டதாகச் சொல்லப்படும் அம்புகளில் பல எலும்புக்கு மேலே போனவை. மற்றவை பரணிலிருந்து செங்குத்தாக இறங்கி ஒரே ஒரு நுரையீரலை மட்டும் தொட்டவையாக இருக்கும். ஒற்றை நுரையீரலோடு மான் வெகுதூரம் போகும், சில சமயம் பிழைத்தும் விடும்.

அம்பு மேலே படுவதற்குக் காரணமும் தெரிந்துகொள்ளுங்கள். 30 கஜம் என்பது 90 அடி. விநாடிக்கு 280 அடி போகும் அம்புக்கு அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 0.32 விநாடி ஆகும். நாண் சத்தம் விநாடிக்குச் சுமார் 1,100 அடி வேகத்தில் 0.08 விநாடியில் போய்ச் சேர்ந்துவிடும். இடையில் கிட்டத்தட்ட கால் விநாடி கிடைக்கிறது. பாய்வதற்காக மான் முதலில் கால்களை மடக்கி உடம்பைத் தாழ்த்தும். அம்பு வந்து சேரும்போது நெஞ்சு இருந்த இடத்தில் முதுகு இருக்கும். தலை தூக்கி உங்களையே முறைக்கிற மானை விட்டுவிடுங்கள்.

கேள்வி (ஆன் ஆர்பர்): நூறு கஜம் வரை ரத்தம் நன்றாக இருந்தது, அப்புறம் சுத்தமாக நின்றுவிட்டது. நானும் தம்பியும் நாலு பக்கமும் ஓடித் தேடினோம்.

பதில்: அந்த ஓட்டம்தான் தப்பு. ரத்தம் நின்றதும் ஓர் ஆள் கடைசிச் சொட்டிலேயே நிற்க வேண்டும், அசையக் கூடாது. இன்னொருவர் மட்டும் பத்து அடி, இருபது அடி என்று விசிறி மாதிரி முன்னால் பார்த்து வர வேண்டும். தடத்தின் மேலே நடக்காதீர்கள், பக்கத்தில் நடங்கள். மிதித்த இலையில் ரத்தம் புரண்டு மறைந்துவிடும், உங்கள் செருப்பில் ஒட்டிய ரத்தம் பொய்த் தடமும் போடும்.

தரையை மட்டும் பார்க்காதீர்கள். மேலே துளை விழுந்த மான் வெளியே சொட்டாது, ரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே நிரம்பும். உடம்பு உரசிய புல் தண்டில், நாற்றுமரப் பட்டையில், இடுப்பு உயரத்தில் கறை இருக்கும். உதிர்ந்த இலைகளைப் புரட்டியும் பாருங்கள். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு துண்டு டாய்லெட் பேப்பர் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மான் போன கோடு கண்ணுக்குத் தெரியும். அந்தக் கோட்டை முன்னால் நீட்டிப் பாருங்கள். பேப்பர் மழையில் கரைந்துவிடும் என்பதால் காட்டுக்கும் குப்பை இல்லை.

அதுவும் பலிக்கவில்லையா? அருகிலுள்ள தண்ணீர், சோளக்கொல்லை ஓரம், அடர்ந்த புதர் இவற்றை முதலில் பாருங்கள். அப்புறம் வரிசை போட்டுத் தேடுங்கள். காக்கையும் நீல ஜே பறவையும் ஒரே இடத்தில் கத்தினால் அங்கே போய்ப் பாருங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): எனக்குச் சிவப்பு, பச்சை பிரித்துத் தெரியாது. இலையுதிர் காலத்தில் என்னால் ரத்தத்தையே பார்க்க முடியவில்லை.

பதில்: மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரு தெளிப்புப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போங்கள். ரத்தத்தில் பட்டால் வெள்ளையாக நுரைக்கும், இலையின் கறையில் பட்டால் நுரைக்காது. ஈரமான ரத்தம் டார்ச் வெளிச்சத்தில் பளபளப்பதையும் கவனியுங்கள். நிறம் தெரியும் நண்பர் ஒருவரின் நம்பரும் கையில் இருக்கட்டும்.

கேள்வி (கிராண்ட் ரேப்பிட்ஸ்): தேடும் நாய்களைக் கூப்பிடலாமா அண்ணா? காசு தண்டமா?

பதில்: கூப்பிடுங்கள், அதுவும் சீக்கிரம் கூப்பிடுங்கள். நாலு பேர் காட்டை உழுதுவிட்டு, எல்லாப் பக்கமும் ரத்தத்தைக் காலால் பரப்பிவிட்டு, கடைசியில் நாயைக் கூப்பிடுவதுதான் வழக்கமாகப் போய்விட்டது. நாய் ரத்தத்தை மட்டும் மோப்பம் பிடிப்பதில்லை. மானின் குளம்பு இடுக்கில் ஒரு சுரப்பி இருக்கிறது. அந்த வாசனையை வைத்துக் காயம்பட்ட மானை மற்ற மான்களிலிருந்து பிரித்துத் தெரிந்துகொள்ளும். அதனால் சொட்டு ரத்தம் இல்லாத வயிற்றடி மானையும் மறுநாள் காலையில் கண்டுபிடிக்கிறது.

ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனியில், இதற்கென்றே வளர்த்த நாய் இனங்கள் உண்டு. அமெரிக்காவில் இதைப் பரப்பியதில் நியூயார்க்கின் ஜான் ஜீனனிக்குப் பெரும் பங்கு. கம்பி முடி டாக்ஸ்ஹுண்ட் என்ற குட்டைக்கால் நாயை அவர் இந்த வேலைக்குப் பழக்கினார். பென்சில்வேனியாவில் 2018 இல்தான் சட்டம் இடம் கொடுத்தது. மிச்சிகனில் அனுமதி உண்டு, ஆனால் நாய் கயிற்றில் இருக்க வேண்டும். யுனைடெட் பிளட் டிராக்கர்ஸ் அமைப்பின் தளத்தில் மாநில வாரியாக ஆட்களின் பட்டியல் இருக்கிறது. சீசன் தொடங்கும் முன்பே இரண்டு எண்களைப் போனில் போட்டு வையுங்கள். நவம்பர் முதல் வாரத்தில் அவர்களுக்குத் தூங்கவே நேரமிருக்காது.

கேள்வி (டெட்ராய்ட்): நாய்க்குப் பதில் வெப்பக் கேமரா ட்ரோன்?

பதில்: மிச்சிகனில் கூடாது. வேட்டைக்கு ட்ரோன் பயன்படுத்தக் கூடாது என்ற 2015 சட்டத்தை வைத்து அரசு தடுக்கிறது. ஓஹியோவைச் சேர்ந்த ஒரு ட்ரோன் நிறுவனம் 2023 இல் வழக்குப் போட்டுப் பார்த்தது, பலிக்கவில்லை.

கேள்வி (ஜாக்சன்): ரத்தம் பக்கத்துப் பண்ணை வேலியைத் தாண்டிப் போகிறது. என் மான்தானே, எடுத்துக்கொண்டு வரலாமா?

பதில்: அனுமதி இல்லாமல் போகாதீர்கள். வில்லை வண்டியில் வைத்துவிட்டு, ரத்தக் கறை சட்டையையும் மாற்றிக்கொண்டு, கதவைத் தட்டிக் கேளுங்கள். அநேகமாகச் சரி என்பார்கள். முடியாது என்றால் முடியாதுதான். மாநில வேட்டை அதிகாரியைக் கூப்பிடலாம், ஆனால் அவரும் நில உரிமையாளரை வற்புறுத்த முடியாது. இதில் ஒரு வேடிக்கை. உரிமையாளர் ஏற்கெனவே தடுத்திருக்காவிட்டால், வேட்டை நாயை மீட்கத் துப்பாக்கி இல்லாமல் நடந்து போக மிச்சிகன் சட்டம் விடுகிறது. மானுக்கு அந்தச் சலுகை கிடையாது. சீசனுக்கு முன்பே நாலு வீட்டுக்கும் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். முறுக்கு டப்பா ஒன்று கூடப் போனால் கெட்டுப்போகாது.

கேள்வி (நியூ ஜெர்சி): ஐயா, நான் சைவம். சண்டைக்கு வரவில்லை. மணிக்கணக்கில் ஓர் உயிரைத் தவிக்கவிட்டுக் காத்திருப்பதைப் பற்றி இவ்வளவு அமைதியாக எழுதுகிறீர்களே?

பதில்: நியாயமான கேள்விதான் அம்மா. மேரிலாந்தில் ஒரு கடற்படைத் தளத்தில் 1989 முதல் 2006 வரை கணக்கெடுத்தார்கள். நவீன வில்லால் அடிபட்ட மான்களில் ஏறத்தாழ 18 சதவீதம் கைக்கு வரவில்லை. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் வில்லால் மான் வேட்டையாடவே தடை. இந்தக் கணக்கைப் பார்த்து ஒருவர் வில்லைக் கீழே வைத்தால் நான் மறுத்துப் பேச மாட்டேன். வைக்காதவர்களிடம் சொல்வது இது: பயிற்சியில் பத்துக்குப் பத்தும் சரியாக விழும் தூரத்துக்கு மேல் ஒரு கஜம்கூட எய்யாதீர்கள். காத்திருக்கச் சொல்வதும் ஈரமில்லாமல் அல்ல. துரத்தப்பட்ட மானும் சாகத்தான் போகிறது, இன்னும் நெடுநேரம் கழித்து, யார் கையிலும் கிடைக்காமல்.

கேள்வி (தேனி): இதெல்லாம் நம்ம ஊர்க் காட்டில் புள்ளிமானுக்கும் பொருந்துமா சார்?

பதில்: 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அந்த ஆசையே வேண்டாம் தம்பி.

கேள்வி (ஃபிளின்ட்): மான் படுத்திருக்கிறது. செத்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காலையில் கண்டுபிடித்து, கொயோட்டி பாதி தின்றிருந்தால் என்ன செய்வது?

பதில்: பின்பக்கமாக, முதுகுப் பக்கமாகப் போங்கள், குளம்பும் கொம்பும் இருக்கும் பக்கம் வேண்டாம். செத்த மானின் கண் திறந்திருக்கும். மூடியிருந்தாலோ இமைத்தாலோ உயிர் இருக்கிறது, சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். நீளமான குச்சியால் விழியைத் தொட்டுப் பார்த்து, அசைவில்லை என்றால்தான் கை வைக்க வேண்டும். சூரியன் மறைந்து அரை மணியோடு வேட்டை நேரம் முடிகிறது. அதற்குப் பிறகு உயிரோடு கண்டால் என்ன செய்யலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு, விதிப் புத்தகத்தைப் பாருங்கள்.

உடனே வயிற்றைத் திறந்து குடலை எடுத்துவிடுங்கள். வயிற்றடி என்றால் உட்பக்கக் கறியை வெட்டி எறிந்துவிட்டு மற்றதைக் கழுவித் துடைத்துக் குளிர வையுங்கள். முதுகுக் கறியும் பின்னந்தொடையும் பெரும்பாலும் தேறும். பச்சை படர்ந்து நாற்றம் வந்தால் விட்டுவிடுங்கள். பாதி தின்றிருந்தாலும் உங்கள் டேக்கைத்தான் (வேட்டை உரிமச் சீட்டு) கட்ட வேண்டும். "இது கணக்கில் வராது" என்று இன்னொரு மானுக்குப் போக முடியாது. 72 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிவும் செய்ய வேண்டும், 2022 முதல் இது கட்டாயம்.