பின் காலிப்பர் பிஸ்டன் அசையாவிட்டால்

கேள்வி: காரின் பின்சக்கர பிரேக் டிஸ்க்குகளையும் பேடுகளையும் மாற்றுகையில், முன்சக்கரத்தைப் போலவே கிளாம்ப் வைத்து அழுத்தியும் காலிப்பரின் (பேடுகளை டிஸ்க்கின் மீது அழுத்தும் பாகம்) பிஸ்டன் உள்ளே போகவில்லையே, ஏன்?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கிளாம்பை மேலும் முறுக்காதீர்கள். கைப்பிரேக் இயக்கமும் பின் காலிப்பருக்குள்ளேயே அமைந்த கார்களில், பேடு தேயத் தேய உண்டாகும் இடைவெளியை ஈடுகட்டும் திருகு ஒன்று பிஸ்டனுக்குப் பின்னால் இருப்பதால், வெறும் அழுத்தம் அதைச் சேதப்படுத்துமே தவிர பிஸ்டனை நகர்த்தாது. கைப்பிரேக்கை முழுவதும் விடுவித்து, பிஸ்டன் முகத்துப் பள்ளங்களில் பொருந்தும் கருவியால் அழுத்தியபடியே சுழற்றுங்கள். பெரும்பாலும் வலஞ்சுழியாக உள்ளே போகும். சில மாடல்களில் ஒரு பக்கம் இடஞ்சுழி என்பதால் காரின் பராமரிப்பு நூலைப் பார்த்துவிடுவது நல்லது. பேடின் பின்புறம் குமிழ் இருந்தால், அது பிஸ்டனின் பள்ளத்தில் அமரும்படி திருப்பி நிறுத்த வேண்டும்.

பிஸ்டன் பின்வாங்கும்போது தொட்டியில் பிரேக் ஆயில் உயரும். வழிந்தால் பெயிண்டை அரித்துவிடும். மின் கைப்பிரேக் உள்ள கார் என்றால், முதலில் அதைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றாமல் பிஸ்டனைத் தொடவே கூடாது.

உங்கள் பகுதியின் உப்புக் காற்றில் காலிப்பரின் நகர்வு ஊசிகளும் துருப்பிடிக்கக்கூடும் என்பதால், அவற்றையும் துடைத்து, அதற்குரிய கிரீஸ் தடவுங்கள். வண்டியை நகர்த்துமுன் பெடல் இறுகும்வரை மிதிக்க வேண்டும்.