ஹெச்.ஜி.வெல்ஸின் செவ்வாய்ப் படையெடுப்புக் கதை மறுபடியும் படமானால், அதில் நீங்கள் என்ன எதிர்பார்ப்பீர்கள்?

சேதி மெதுவாகப் பரவ வேண்டும். என் எதிர்பார்ப்பு இவ்வளவுதான். இதைச் சரியாகச் செய்துவிட்டால் முக்காலி இயந்திரம் எந்த வடிவத்தில் வந்தாலும், வெப்பக்கதிர் எந்த நிறத்தில் பாய்ந்தாலும் எனக்கு ஆட்சேபணை கிடையாது.

'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' 1897-இல் 'பியர்சன்ஸ்' இதழில் தொடராக வந்து, 1898-இல் புத்தகமானது. கதை பலருக்கும் தெரிந்ததுதான். செவ்வாய் கிரகத்திலிருந்து உருளைகள் வந்து விழுகின்றன, உள்ளிருந்து வந்தவர்கள் மூன்று கால் இயந்திரங்களில் ஏறி இங்கிலாந்தின் தென்கிழக்கைப் பொசுக்குகிறார்கள், பீரங்கிகள் தோற்கின்றன, கடைசியில் கிருமிகள் அவர்களைக் கொன்றுவிடுகின்றன. இதை வைத்துப் படங்கள், தொடர்கள், வானொலி நாடகம், இசைத்தொகுப்பு என்று எல்லாம் வந்துவிட்டன. ஆனால் புத்தகத்தைப் படிக்கும்போது அடிவயிற்றைக் கலக்குவது சண்டைக் காட்சிகள் அல்ல. ஐந்தாறு மைல் தள்ளி மனிதர்கள் கருகிக் கிடக்க, இங்கே ஒருவர் வேலை முடிந்து வந்து நிம்மதியாகத் தோட்டத்தைக் கொத்திக்கொண்டிருக்கிறாரே, அதுதான்.

முதல் உருளை விழுவது லண்டனுக்குத் தென்மேற்கே, வோக்கிங் ஊரை ஒட்டிய ஹார்ஸெல் பொதுவெளியில், மணற்குழிகளுக்குப் பக்கத்தில். வெல்ஸ் அந்தக் காலத்தில் வோக்கிங்கில்தான் குடியிருந்தார். சைக்கிளில் சுற்றிச் சுற்றி, தன் செவ்வாய்க்காரர்கள் எங்கெல்லாம் அழிக்க வேண்டும் என்று இடம் குறித்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். அதனால் கதையில் எந்தச் சாலை எங்கே திரும்புகிறது, எந்த ரயில் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் கச்சிதமாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை பகல் முழுக்க அந்த உருளை ஒரு வேடிக்கைப் பொருள்தான். கூட்டம் சேர்கிறது. கூட்டம் என்றால் வியாபாரம் உண்டே! மிட்டாய்க் கடைக்காரர் ஒருவர் ஆப்பிளும் ஜிஞ்சர் பீரும் ஏற்றிய தள்ளுவண்டியோடு மகனை அனுப்பி வைக்கிறார். சாயங்காலம் உருளையின் மூடி திறக்கிறது. வெள்ளைக்கொடி பிடித்துக்கொண்டு பேசப் போனவர்கள் ஒரு நொடியில் எரிந்துபோகிறார்கள். அவர்களில் ஹெண்டர்சன் என்ற பத்திரிகையாளரும் ஒருவர். மூடி மெல்லத் திருகிக்கொண்டு திறப்பதைப் பற்றி அவர் முன்பே லண்டனுக்குத் தந்தி அடித்திருந்தார். அவருடைய மாலைப் பத்திரிகைக்காரர்களுக்கு அது கட்டுக்கதையாகத் தோன்றுகிறது. உறுதி செய்யச் சொல்லி அவருக்கே தந்தி கொடுக்கிறார்கள். பதில் வரவில்லை. சரி, சிறப்புப் பதிப்பு வேண்டாம் என்று முடிவெடுத்துவிடுகிறார்கள்.

சேதி சொன்னவன் செத்துப்போனதாலேயே சேதி பொய்யாகிவிடுகிறது. வெல்ஸ் இதற்குச் செலவழிப்பது ஒரே ஒரு வாக்கியம். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுவேன். ஒரு நல்ல இயக்குநர் இதை எப்படி எடுப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பத்திரிகை அலுவலகம், ராத்திரி வேலை, தந்திக்காகக் காத்திருக்கும் ஆசிரியர், கடிகாரத்தை ஒரு பார்வை, பிறகு வேறு வேலைக்குத் திரும்பும் கை. பின்னணி இசைகூட வேண்டாம்.

அதே இரவில் அந்த வழியாக லண்டன் போகும் ரயில் பயணிகள் ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் சிவப்பாக ஏதோ மினுங்குவதைப் பார்க்கிறார்கள். புதர்க்காடு பற்றி எரிகிறது போலிருக்கிறது, அவ்வளவுதான். மறுநாள் காலை பால்காரர் வழக்கம்போல வருகிறார். முடிந்தவரை செவ்வாய்க்காரர்களைக் கொல்லாமல் விட்டுவிடப் போகிறார்களாம் என்று கதைசொல்லியிடம் தகவல் சொல்லிவிட்டுப் போகிறார். பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் வந்து தன் தோட்டத்து ஸ்ட்ராபெர்ரி ஒரு கைப்பிடி நீட்டுகிறார். பட்டாளம் வந்துவிட்டது, இன்றைக்குள் முடிந்துவிடும் என்பது அவருடைய அபிப்பிராயம்.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமான காட்சி சனிக்கிழமை மாலை வருவது. ஊரில் குண்டுச் சத்தம் நெருங்கிவிட்டது. மனைவியை லெதர்ஹெட்டில் உறவினர் வீட்டில் விட்டுவர வேண்டும். கதைசொல்லி ஓட்டமாக ஓடிப் பக்கத்து விடுதிக்காரரிடம் குதிரை வண்டி கேட்கிறார். விடுதிக்காரருக்கு விவரம் எதுவும் தெரியாது. வேறொருவர் ஒரு பவுண்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்க, இவர் இரண்டு பவுண்டு தருகிறேன், நள்ளிரவுக்குள் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறேன் என்கிறார். இவ்வளவு அவசரம் எதற்கு என்று விடுதிக்காரருக்கு ஆச்சரியம். இவர் காரணம் சொல்வதில்லை. வீட்டைவிட்டுப் போகவேண்டியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறார். விடுதிக்காரரும் கிளம்பியாக வேண்டுமே என்பது அப்போது தனக்கு அவ்வளவு அவசரமாகப் படவில்லை என்று பிறகு எழுதுகிறார். சொன்னபடி அந்த ராத்திரியே, இடி மின்னல் மழையில் வண்டியோடு திரும்பி வருகிறார். வழியில் மின்னல் வெளிச்சத்தில்தான் முக்காலி இயந்திரத்தை முதன்முதலாகப் பார்க்கிறார். வண்டி கவிழ்கிறது, குதிரை செத்துப்போகிறது. இருட்டில் தட்டுத்தடுமாறி வீட்டுப் பக்கம் போகும்போது காலில் இடறுவது கழுத்து முறிந்து கிடக்கும் விடுதிக்காரரின் உடல்.

அந்த மனுஷன் தப்பிக்க இருந்த ஒரே வண்டி அது. சேதி தெரிந்தவர் தெரியாதவரிடமிருந்து இரண்டு பவுண்டுக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டார். நேர்மையானவர் வேறு, சொன்ன நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார்! இதைவிடப் பெரிய காட்சியை எந்த சிஜி கம்பெனியும் செய்து தர முடியாது. கதாநாயகனைப் பார்த்துக் கைதட்டுவதா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா என்று தெரியாமல் ரசிகன் திணற வேண்டும். பெரிய நட்சத்திரத்தைப் போட்டால் இந்தக் காட்சியை வெட்டிவிடுவார்கள் என்பது என் பயம். பின்பாதியில் இவர் தன்னோடு ஒளிந்திருக்கும் பாதிரியாரை வெட்டுக்கத்தியின் பின்புறத்தால் அடித்துச் சாய்ப்பதும் உண்டு. அதையும் மழுப்பக் கூடாது.

முந்தைய ஆக்கங்களையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்க நடிகர் ஆர்சன் வெல்ஸ் (இவர் வேறு வெல்ஸ்) செய்த வானொலி நாடகம் கதையை நியூஜெர்சிக்குக் கொண்டுபோனது. நடன இசை நிகழ்ச்சியை இடைமறித்துச் செய்தி அறிக்கைகள் வருவதுபோல அமைத்தார்கள். கதையின் உயிர் சேதியில் இருக்கிறது என்பதை அவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள், அதனால்தான் அது பேசப்படுகிறது. (நாடு முழுக்கப் பீதி என்ற கதை பத்திரிகைகள் ஊதிப் பெருக்கியது. பயந்தவர்கள் இருந்தார்கள், ஆனால் அவ்வளவு இல்லை.) 1953-இல் ஜார்ஜ் பால் தயாரித்து பைரன் ஹாஸ்கின் இயக்கிய படம் கலிஃபோர்னியாவில் நடக்கிறது. சிறப்புக் காட்சிகளுக்கு ஆஸ்கர் வாங்கியது. திருக்கைமீன் மாதிரி மிதந்து வரும் அந்த இயந்திரங்கள் இன்றும் அழகு. அணுகுண்டு போட்டும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாத காட்சியில் அந்தக் காலத்துப் பயம் தெரியும். ஆனால் அதில் விஞ்ஞானிகளும் தளபதிகளும் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டே இருக்கிறார்கள். எனக்குத் தேவையான அந்த இருட்டு அங்கே கிடையாது.

2005-இல் ஸ்பீல்பெர்க் அதைப் பிடித்தார். மின்னல் விழுந்ததும் கார், கைக்கடிகாரம் எல்லாம் நின்றுவிடுகின்றன. டாம் குரூஸ் பார்ப்பதை மட்டுமே நாமும் பார்க்கிறோம். தாக்குவது யார் என்றுகூடத் தெரியாமல் சனங்கள் ஓடுகிறார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்கு அந்தப் படத்துக்கு நான் அடிமை. இயந்திரங்கள் காலங்காலமாக மண்ணுக்கடியில் புதைந்து கிடந்தன என்ற மாற்றத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. அவ்வளவு காலம் முன்பே இங்கே வந்துபோனவர்களுக்கு இங்குள்ள கிருமிகளைத் தெரியாதா? மேலும், உருளை திறக்கக் காத்திருக்கும் அந்த வெள்ளிக்கிழமைப் பகலும், ஆப்பிள் வண்டியும் அதோடு போய்விடுகின்றன. 2019-இல் பிபிசி மூன்று பகுதித் தொடராகக் கதையை மறுபடி வோக்கிங்குக்கும் பழைய காலத்துக்கும் கொண்டுபோனபோது ரொம்ப ஆசையோடு உட்கார்ந்தேன். அவர்களோ பிற்காலத்துச் சிவந்த பாழ்நிலத்தை நடுநடுவே காட்டி, அடுத்து என்ன ஆகும் என்ற தவிப்பையே கெடுத்துவிட்டார்கள்.

கதையை இந்தக் காலத்துக்கு மாற்றுவது தவறு என்று சொல்ல மாட்டேன். வெல்ஸே தன் காலத்தை, தன் தெருவைத்தான் எழுதினார். ஆனால் எல்லோர் கையிலும் போன் இருக்கும் உலகில் இந்த மெதுவை உண்டாக்க ஏதாவது ஒரு தந்திரம் தேவைப்படுகிறது. 1890-களில் நடப்பதாக எடுத்தால் அது தானாகவே வரும். ஞாயிற்றுக்கிழமை காலை லண்டனில் கதைசொல்லியின் தம்பி சாவகாசமாகத் தேவாலயத்துக்குப் போகிறான். திங்கள் விடிவதற்குள் போலீஸ்காரர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறார்கள். அறுபது லட்சம் பேர் ஒரே நேரத்தில் ஊரைக் காலி செய்கிறார்கள். ஒரே ஒரு ராத்திரியில் ஏற்படும் இந்தத் தலைகீழ் மாற்றத்தை இதுவரை எந்தத் திரையிலும் நான் திருப்தியாகப் பார்த்ததில்லை.

கதையை அந்தக் காலத்திலேயே வைக்க இன்னொரு காரணமும் உண்டு. அந்த மக்களுக்குச் சேதி போய்ச் சேராததற்குத் தந்தி மட்டும் காரணம் அல்ல. தங்களை ஒருவர் தோற்கடிக்க முடியும் என்று உலகத்தின் மிகப்பெரிய சாம்ராஜ்யத்தால் கற்பனையே செய்ய முடியவில்லை. வெள்ளிக்கிழமை இரவு, செவ்வாய்க்காரர்களால் இங்கே நகரக்கூட முடியாது, பூமியின் ஈர்ப்பு அவர்களை அமுக்கிவிடும் என்று மனைவிக்கு ஆறுதல் சொல்லும் கதைசொல்லி, பிற்பாடு தன்னை மொரீஷியஸ் தீவின் டோடோ பறவையோடு ஒப்பிட்டுக்கொள்கிறார். பசியோடு வந்திறங்கிய மாலுமிகளை நாளைக்குக் கொத்தியே கொன்றுவிடலாம் என்று அதுவும் கூட்டில் உட்கார்ந்து பேசியிருக்குமாம். முதல் அத்தியாயத்திலேயே டாஸ்மேனியத் தீவின் பழங்குடிகளை ஐரோப்பியக் குடியேறிகள் ஐம்பதே வருடத்தில் அழித்ததாக எழுதிவிட்டு, அதே புத்தியோடு செவ்வாய்க்காரர்கள் வந்தால் நாம் என்ன முகத்தோடு புகார் சொல்வது என்று கேட்கிறார். 1898-இல், லண்டனில், தன் வாசகர்களைப் பார்த்து! கதையை வேறு ஊருக்கு மாற்றும்போது முதலில் உதிர்ந்துபோவது இந்தக் கேள்வி. புதுப் படத்தில் யாராவது ஒருவர் வாய்விட்டு இதைச் சொல்ல வேண்டும்.

சண்டையே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். 'தண்டர் சைல்ட்' போர்க்கப்பலுக்காக வருடக்கணக்காகக் காத்திருக்கிறேன். எஸ்ஸெக்ஸ் கரையிலிருந்து மக்கள் கப்பல்களில் தப்பிக்கும்போது மூன்று இயந்திரங்கள் கடலுக்குள் நடந்து வருகின்றன. குறுக்கே பாயும் 'தண்டர் சைல்ட்' நெருங்கும்வரை ஒரு குண்டுகூடச் சுடுவதில்லை. முழு வேகத்தில் நேராக வருகிறது. இது என்ன ஜந்து என்று செவ்வாய்க்காரர்களுக்கே புரியாத அந்தச் சில நிமிடங்களில் நெருங்கிவிடுகிறது. சுட்டிருந்தால் அப்போதே மூழ்கடித்திருப்பார்கள் என்கிறார் வெல்ஸ். அதாவது, கதையில் முதல்முறையாகச் சேதி தெரியாமல் நிற்பது அவர்கள்! வெப்பக்கதிர் இரும்பைத் துளைத்தும் ஒன்றை வீழ்த்துகிறது, வெடித்து எரியும் சிதிலமாகப் போய் இன்னொன்றையும் நசுக்குகிறது. 1953, 2005 இரண்டு படங்களிலும் இது இல்லை. ஜெஃப் வெய்ன் 1978-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பில் இதற்கென்றே ஒரு பாட்டு உண்டு. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் ஆசையைத் தீர்த்துக்கொள்கிறேன்.

கிருமியால் சாவதா, சப்பென்ற முடிவு என்று பலர் சொல்வார்கள். முடிவை மாற்றச் சொன்னால் நான் முதல் ஆளாக எதிர்ப்பேன். சொட்டு நீரில் நெளியும் உயிர்களை நுண்ணோக்கி வைத்துப் பார்ப்பதுபோல செவ்வாய்க்காரர்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் புத்தகத்தின் முதல் வாக்கியம். யார் ஜெயிக்கப் போகிறார்கள் என்று அங்கேயே காட்டிவிட்டார், நாம்தான் கவனிப்பதில்லை. ஸ்பீல்பெர்க் படமும் நுண்ணுயிர்களில்தான் தொடங்கும்.

வெல்ஸ் 1946-இல் இறந்தார். பிரிட்டனில் 2016 முடிவோடு பதிப்புரிமையும் முடிந்துவிட்டது. இனி யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், எடுத்துக்கொண்டேதான் இருப்பார்கள். மூல நூலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முழுவதும் படிக்க நேரமில்லை என்றால் முதல் பாகத்தின் 8, 9, 10, 17 ஆகிய அத்தியாயங்களையாவது படித்துவிட்டு தியேட்டருக்குப் போங்கள். தந்தி, குதிரை வண்டி, கப்பல் மூன்றும் அவற்றில் இருக்கின்றன.