செருகினால் பவர் தரும் சிப்: வாங்கலாமா?

கேள்வி: என் காரில் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின். ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினாலே பவரும் மைலேஜும் கூடும் என்று மலிவாக ஒரு சிப் விற்கிறார்கள். அது போதுமா, இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றும் டியூனரிடம் போக வேண்டுமா?

பதில்: வாங்காதீர்கள். அந்தப் பெட்டியைப் பிரித்தால் பெரும்பாலும் மூன்று நான்கு எல்இடி, ஒரு சின்ன கன்ட்ரோலர், அவ்வளவுதான். அதைச் செருகும் ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் இடம்) 16 பின்கள். 16-ஆவதில் பேட்டரி கரன்ட், 4, 5-இல் எர்த். இன்றைய கார்களில் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியூவோடு பேசும் வழி 6, 14. அங்கே பேச கேன் டிரான்சீவர் என்ற ஐசி வேண்டும்; பல மலிவு சிப்களில் அதுவே கிடையாது. விளக்கு மினுக்கும். இன்ஜினுக்கு ஒன்றும் தெரியாது.

"பேட்டரியைக் கழற்றி மாட்டி 200 கிலோமீட்டர் ஓட்டுங்கள், சிப் கற்றுக்கொள்ளும்" என்பார்கள். இங்கேதான் ஏமாறுகிறோம். பேட்டரியைக் கழற்றினால் பல கார்களில் இசியூ சேர்த்து வைத்த எரிபொருள் திருத்தங்கள் அழியும். மறுபடி படியும்வரை வண்டி வேறு மாதிரி ஓடும். அதைச் சிப்பின் வேலை என்று நம்பிவிடுகிறோம். திருப்பிக் கொடுக்கும் கெடுவும் அதற்குள் முடிந்துவிடும். அட்டையில் எத்தனை குதிரைத்திறன் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், சோதனைச் சான்று எங்கே என்று கேட்க ஆளில்லை என்பது எரிச்சலாக இருக்கிறது.

ஏர் டெம்பரேச்சர் சென்சார் வயரில் மாட்டும் ரெசிஸ்டர் இன்னும் மோசம். காற்று குளிர்ச்சி என்று இசியூவிடம் பொய் சொல்லும். அதை நம்பி இசியூ விடும் கூடுதல் பெட்ரோலை, புகையை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார் சரிக்கட்டிவிடும். ஆனால் வெயிலில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) பின்வாங்காமல் நாக்கிங் (பெட்ரோல் தானாகவே வெடித்து இன்ஜின் தட்டுவது) வரலாம்.

ஒரு விலக்கு, காமன் ரயில் டீசலுக்கான (உயர் அழுத்தப் பொதுக்குழாயிலிருந்து டீசல் தெளிக்கும் இன்ஜின்) பாக்ஸ். ரயில் பிரஷர் சென்சாரில் மாட்டி அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். இசியூ அழுத்தத்தை ஏற்றும். பவர் உண்மையிலேயே கூடும். ஆனால் கூடிய அழுத்தம் இசியூவின் கண்ணுக்கே படாது. பம்பும் இன்ஜெக்டரும் அந்தச் சுமையைத் தாங்கவேண்டும், கரும்புகை சைலன்சர் வழியில் உள்ள புகைக்கரி ஃபில்டரை (டிபிஎஃப்) அடைக்கும். உங்களுடையது பெட்ரோல், இது பொருந்தாது.

டியூனர் இசியூவின் ஒரிஜினல் ஃபைலை எடுத்து இக்னிஷன், எரிபொருள் மேப்களை (அளவு அட்டவணைகளை) திருத்துவார். டர்போ இன்ஜினில் பொதுவாக 20-30 சதவீதம் கூடும். உங்களுடையதில் 5-10 வந்தாலே பெரிது. லேப்டாப்போடு வீட்டுக்கே வந்து எல்லாக் காருக்கும் வாங்கிய ஒரே ஃபைலை ஏற்றிவிட்டுப் போகும் இடைத்தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பவரை அளக்கும் டைனோ மெஷின் ஒன்றிலேயே முன்னும் பின்னும் எடுத்த அளவு, நாக்கிங் பதிவு, ஒரிஜினல் ஃபைலின் காப்பி, மூன்றையும் கேளுங்கள். ஃபைல் ஏற்றும்போது பேட்டரியில் சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும். வோல்டேஜ் இறங்கினால் இசியூ பாதியில் நின்றுவிடும்.

அதற்கு முன் ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், கம்ப்ரஷன் பாருங்கள். பவர் குறைந்ததாகத் தோன்றியதற்குக் காரணம் அங்கேயே இருக்கலாம்.