பத்து நாளைக்குப் பத்து சுடிதார் வேண்டாம்

கேள்வி: மே கடைசியில் டெல்லி, சிம்லா, மணாலி என்று பத்து நாள் சுற்றுலா போகிறோம். நான், கணவர், 9 வயது மகள், 5 வயது மகன், முழங்கால் வலியுள்ள மாமியார். சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானம், அப்புறம் ரயிலும் பஸ்ஸும். இப்போதே நான்கு பெட்டி நிறைந்துவிட்டது, ஸ்வெட்டர் எதுவும் இன்னும் வைக்கவே இல்லை. எதைக் குறைப்பது?
- வாசகி, திருச்சி

பதில்: நான்கு பெட்டியையும் கட்டிலில் கொட்டுங்கள். துணியை எண்ணுவதற்கு முன்னால், பெட்டியைத் தூக்க எத்தனை கை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மாமியாரால் முடியாது, மகன் தூங்கிவிட்டால் உங்களில் ஒருவர் அவனைத் தூக்கியாக வேண்டும். ஆகவே இரண்டு சக்கரப் பெட்டி, இரண்டு முதுகுப் பை, மகளுக்கு அவள் பள்ளிப் பை. இதுதான் உங்கள் அளவு. உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் ஆளுக்கு 15 கிலோ, ஐந்து பேருக்கு 75 கிலோ வரை அனுப்பலாம்தான், ஆனால் அந்த 75 கிலோவைக் கல்கா ஸ்டேஷனில் இறக்கி, சிம்லா போகும் மலை ரயிலில் ஏற்றப் போவது நீங்கள் இரண்டு பேர். 1903இல் ஓடத் தொடங்கிய அந்த ரயிலின் தண்டவாள அகலமே 762 மில்லிமீட்டர், ரயில் பெட்டிகள் அத்தனை குட்டி, பெரிய சூட்கேஸ் வைத்தால் கால் வைக்க இடம் இருக்காது. சிம்லாவிலும் மால் ரோட்டுக்குள் வண்டி விடமாட்டார்கள். ஓட்டல் அந்தப் பக்கம் என்றால் டாக்ஸி கீழேயே நின்றுவிடும், அங்கிருந்து சுமைக்காரர் முதுகில்தான் உங்கள் பெட்டி ஏறும். (மாமியாருக்காக, வண்டி வாசல் வரை வருமா என்று ஓட்டலில் கேட்டுவிட்டே அறை பதியுங்கள். பெட்டியை விட இது முக்கியம்.)

சரி, துணி. பத்து நாள் என்பதற்காகப் பத்து சுடிதார் எடுப்பதுதான் எல்லாரும் செய்கிற தவறு. டெல்லியில் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், ஒரு நாளைக்கு இரண்டு முறைகூட மாற்றத் தோன்றும், ஆனால் அதே சூட்டில் இரவு அலசிப் போட்டது காலையில் காய்ந்திருக்கும். மலைக்குப் போனால் வியர்க்காது, ஒரே சட்டையை இரண்டு நாள் போடலாம், மேலே ஸ்வெட்டர் இருப்பதால் உள்ளே என்ன போட்டிருக்கிறோம் என்று யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அங்கே துவைத்தால் லேசில் காயாது. அதனால் டெல்லியை விட்டுக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் துவைத்துக் காயவைத்துவிடுங்கள். பெரியவர்களுக்கு ஐந்து செட், பிள்ளைகளுக்கு ஏழு, போதும். மடித்த நைலான் கயிறு ஒன்று, துணி சோப்பு பாதி. ஜீன்ஸ் ஆளுக்கு ஒன்று, அதையும் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். டர்க்கி டவல் வேண்டவே வேண்டாம், கனமும் அதிகம், ஈரமும் போகாது. நம் ஈரிழைத் துண்டை எடுங்கள், துடைக்க, தலைக்குக் கட்ட, பஸ்ஸில் பிள்ளைக்குப் போர்த்த எல்லாவற்றுக்கும் அதுவே ஆகும்.

குளிருக்கு ஒரே ஒரு தடித்த ஜாக்கெட் வாங்குவதை விட அடுக்கடுக்காகப் போடுவது நல்லது. உள்ளே உடம்போடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத மெல்லிய கோட்டு. அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரம், மே கடைசியில் பகலில் இதமாக இருக்கும், இரவில்தான் குளிரும். அங்கிருந்து மேலே, 3,978 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரோத்தாங் கணவாய்க்குப் போவதாக இருந்தால், போகும் வழியிலேயே பனிக் கோட்டும் பூட்ஸும் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அதற்காக இங்கே ஆயிரக்கணக்கில் செலவு செய்யாதீர்கள்.

அடுக்கும்போது பருத்தித் துணிகளைச் சுருட்டி வையுங்கள், ஸ்வெட்டரை மடித்து வையுங்கள், சுருட்டினால் அது இன்னும் பெரிதாகும். கனமானவை சக்கரத்தின் பக்கம். ஷூவுக்குள் சாக்ஸ். இன்னொன்று, இதைத் தயவுசெய்து கேளுங்கள்: ஆளுக்கு ஒரு பெட்டி என்று பிரிக்காதீர்கள், இரண்டு பெட்டியிலும் எல்லாருடைய துணியும் பாதிப் பாதி இருக்கட்டும். ஒருமுறை எங்கள் பெட்டி ஒன்று விமானத்தோடு வரவில்லை, இரண்டு நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது. அதில் இருந்தது முழுக்க என் மகளின் துணி. அந்த இரண்டு நாளும் அவள் அழுததை என்னால் மறக்க முடியாது.

மாமியாரின் மாத்திரை, மருந்துச் சீட்டு, பிள்ளைகளுக்கு ஒரு செட் மாற்றுத் துணி, வாந்திக்கு பிளாஸ்டிக் கவர் (மணாலி சாலையில் வளைவுகள் அதிகம்) எல்லாம் கையோடு இருக்கும் பையில். பவர் பேங்கும் அதில்தான், அனுப்பும் பெட்டியில் வைக்கவே கூடாது. ஷாம்பு பாட்டிலை அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடுங்கள், மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், உள்ளே இருக்கும் காற்று விரிந்து ஷாம்புவை வெளியே தள்ளும். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் பெட்டியோடு ஏறி நின்று, பிறகு தனியாக நின்று, கழித்துப் பாருங்கள். திரும்பி வரும்போது மாமியார் சால்வை வாங்காமல் இருக்க மாட்டார்கள், அதற்கு மூன்று கிலோ இப்போதே விட்டுவிடுங்கள்.

கேள்வி: விடுமுறைக்குத் துபாயில் இருக்கும் மகள் வீட்டுக்கு முதல்முறையாகப் போகிறோம். குழம்புப் பொடி, ஊறுகாய், நல்லெண்ணெய், கொப்பரை கேட்டிருக்கிறாள். எப்படிக் கட்டுவது?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: ஐயா, கொப்பரையை மட்டும் விட்டுவிடுங்கள். எண்ணெய்ச் சத்து அதிகமுள்ள அது தானே சூடாகித் தீப்பிடிக்கக் கூடியது என்பதால் அனுப்பும் பெட்டியில் அனுமதி இல்லை. அடுத்தது கசகசா. அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள், வீட்டில் அரைத்த மசாலாவில் ஒரு ஸ்பூன் சேர்த்திருந்தாலும் அந்தப் பொடி வேண்டாம். அம்மாவிடம் ஒருமுறைக்கு இரண்டு முறை கேட்டுக்கொள்ளுங்கள், பழக்கத்தில் போட்டிருப்பார்கள். ஊறுகாயும் எண்ணெயும் பெரிய பெட்டியில்தான் போக வேண்டும், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் விடமாட்டார்கள், துவையல், நெய்கூட அந்தக் கணக்குதான். கண்ணாடி பாட்டில் தவிருங்கள். மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் தாள், இறுக்க மூடி, டேப் ஒட்டி, இரண்டு கவர், அதற்கு மேல் பழைய கைலி ஒன்றைச் சுற்றி, பெட்டியின் நடுவில் துணிகளுக்கு இடையே. நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு எடுங்கள். கோடீன், டிரமடால் என்ற வலி நிவாரணிகள் கலந்த மருந்துகளுக்கு அங்கே கடும் கட்டுப்பாடு உண்டு, மகளிடம் முன்னதாகவே பெயரைச் சொல்லி விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ரயிலில் எவ்வளவு சுமை கொண்டு போகலாம்?
- வாசகர், விருதுநகர்

பதில்: தனிக் கட்டணம் இல்லாமல் ஆளுக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 40 கிலோ, இரண்டடுக்கு ஏசியில் 50, முதல் வகுப்பு ஏசியில் 70. ஆனால் உங்களுக்கு உண்மையில் கிடைப்பது கீழ் பெர்த்துக்கு அடியில் இருக்கும் இடம்தான், அதையும் எதிரில் வருபவர்களோடு பகிர வேண்டும். உயரமான பெட்டி ஒன்றுக்குப் பதில் துணிப்பை இரண்டு என்றால் எங்கேயும் நுழையும். இரவுக்கான போர்வை, பல்துலக்கும் பொருள், மறுநாள் சட்டை மூன்றையும் தனியாக ஒரு சின்னப் பையில் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு இறங்கும் வரை திறக்காதீர்கள்.